சிரித்தவர்களும் கும்பிட்டவர்களும்

தம்பி,

இன்று காலை சாயாக்கடையில் உன் குரல் கேட்டது. நான் தெருவைப் பார்த்து நின்று குடித்துக்கொண்டிருந்தேன். முதுகுக்குப் பின்னால் நீ பேசினாய். நாக்குத் தடித்து, வார்த்தை வழுக்கி, "நீ நகரு மோனே, நான் நகர்ந்தா நாடே நகரும்" என்று. உடம்பு ஒரு குலுங்கு குலுங்கியதில் சாயா கைமேல் கொட்டிவிட்டது. திரும்பினால், நம் ஆரியசாலைச் சந்தையில் மூட்டை தூக்கும் சுமட்டுக்காரர்கள் நாலைந்து பேர் ஒரு போனைச் சுற்றி நிற்கிறார்கள். உன் சினிமாவில் விளக்குக் கம்பத்தோடு நீ சண்டை பிடிக்கும் அந்தக் காட்சி ஓடுகிறது.

"வாங்க அண்ணாச்சி, நம்ம ஆளு. என்னா ஒரு ஒரிஜினாலிட்டி, அல்லே?" என்றான் ஒருவன்.

கம்பத்தை நீ கட்டிப்பிடிக்கிறாய். தலை சாய்கிறது. வசனம் முடிந்துவிட்டது, வேஷமும் முடிந்துவிட்டது. ஆனால் கம்பத்தைப் பிடித்திருக்கும் இடது கையின் விரல்கள் தன்பாட்டுக்கு ஆடிக்கொண்டிருக்கின்றன. அவர்கள் சிரித்தார்கள். எனக்கு அங்கே நிற்க முடியவில்லை. கிளாசை வைத்துவிட்டு வந்துவிட்டேன்.

ஆடியில் போனாய். இதோ கார்த்திகை பிறக்கப் போகிறது. மாலைக்காரர்கள் வரத் தொடங்கிவிட்டார்கள். வழக்கம்போல் துளசிமணி மாலைகளைப் பெட்டியிலிருந்து எடுத்து நிழலில் காயப் போட்டிருக்கிறேன். எனக்கு எழுத்து வராது என்பது உனக்குத் தெரியும். நான் சொல்லச் சொல்ல மருமகள் எழுதுகிறாள். உன்னிடம் பேசிவிட்டுத்தான் இந்த வருஷம் யார் கழுத்திலும் மாலை போட வேண்டும் என்று தோன்றியது.

உன் அப்பாவின் மிளகாய்வத்தல் மண்டியில் நான் மூட்டை தூக்கிய காலத்தில் நீ பள்ளிக்கூடம் விட்டு வந்து மூட்டை அட்டியின் உச்சியில் ஏறி உட்கார்ந்திருப்பாய். சரக்கு எடுக்க வருகிற ஒவ்வொருவரையும் அவர் முதுகுக்குப் பின்னால் செய்து காட்டுவாய். நெடுமங்காட்டு வியாபாரி வத்தலை முகர்ந்து பார்த்துத் தும்மாமல் அடக்குகிற முகம், களியக்காவிளைக்காரர் விலை கேட்டதும் காது கேட்காதவர் ஆகிவிடுவது, எல்லாம். ஒருநாள் என்னையே செய்தாய். தலையில் மூட்டையோடு கழுத்து உள்ளே போய், கண் மட்டும் மேலே பார்க்க, பாதம் தரையைத் தடவித் தடவி நான் நடக்கும் நடை. நான் சிரித்த சிரிப்பில் மூட்டை சரிந்து உன் அப்பாவின் காலடியில் விழுந்து வெடித்தது. மண்டி முழுக்க இருமல். உன் அப்பாவும் இருமிக்கொண்டே சிரித்தார். நீ குடிகாரனாக நடித்து இந்த நாடு சிரித்தபோதெல்லாம் நான் அந்த நாளைத்தான் நினைத்தேன். அன்று நீ செய்ததில் குடி இல்லை.

பிறகு நீ திருவிழா மேடைகளுக்குப் போனாய். அங்கிருந்து சினிமாவுக்கு. ஒரு படத்தில் குடிகாரனாக வந்தாய், சனங்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். அதற்குப் பிறகு வேறு வேஷமே உனக்கு வரவில்லை. தெருமுனையில் உன் கார் நின்றால் போதும், "சாரே, ஒரு நடை" என்று யாராவது கேட்பார்கள். நீயும் மறுக்க மாட்டாய், நடந்து காட்டிவிட்டுத்தான் போவாய். உன் அப்பாவின் பதினாறாம் நாள் காரியத்தில், பந்தி முடிந்து கை கழுவும் இடத்தில், உன் சொந்தக்காரர் ஒருவர் கேட்டார். மொட்டைத் தலையோடு நீ இரண்டு எட்டு வைத்தாய். எல்லாரும் சிரித்தார்கள். உன் அம்மாவும் சிரித்தாள். நான் எச்சில் இலை எடுத்துக்கொண்டிருந்தேன், எனக்கும் சிரிப்பு வந்தது. அப்படி ஒரு நடை அது.

அன்று சாயங்காலம் மண்டி வாசலில் உட்கார்ந்து என்னிடம் சொன்னாய்: "குடிகாரனா நடிக்கிறது சுலபம் அண்ணாச்சி. தெளிஞ்சவனா நடிக்கிறதுதான் பாடு."

வாய் சும்மா இருக்காத ஆள், ஏதோ தமாஷ் சொல்கிறாய் என்று நினைத்துக்கொண்டேன். காலையில் கண் விழித்ததும் ஒன்று குடித்தால்தான் உன் கை பல்லை விளக்கும் என்பது அப்போது உன் மனைவிக்கு மட்டும் தெரிந்திருந்தது.

நீ என்னிடம் வந்தது ஒரு ஐப்பசிக் கடைசி. முற்றத்தில் செருப்பைக் கழற்றிவிட்டுக் கையைக் கட்டி நின்றாய். ஷூட்டிங்கில் இரண்டு தடவை விழுந்துவிட்டாய் என்றும், கூப்பிட்டவர்கள் கூப்பிடுவதை நிறுத்திவிட்டார்கள் என்றும், உன் மனைவி பெட்டி கட்டிவிட்டாள் என்றும் மறைக்காமல் சொன்னாய். மாலை போட்டுவிடச் சொன்னாய். "கழுத்துல அது கிடந்தா கை அங்கே போவாது அண்ணாச்சி. எனக்கு வேற வேலி தெரியல."

எனக்கும் வேறு வேலி தெரியாது. நம் ஊரில் யாருக்குத் தெரியும்? வருஷம் முழுக்கக் குடிக்கிறவன் கார்த்திகை ஒன்றாம் தேதி குளித்து, கறுப்பு வேட்டி கட்டி, குருசாமி முன்னால் தலை குனிவான். மலைக்குப் போய் வந்து மாலையைக் கழற்றும்வரை தொட மாட்டான். அதைப் பார்த்துத்தான் பெண்கள் ஐயப்பனைக் கும்பிடுகிறார்கள். 'மாலை போட்டா எல்லாம் சரியாகும்' என்பது இங்கே பெண் கொடுக்கும்போதுகூடச் சொல்கிற பேச்சு. எத்தனையோ கழுத்துகளுக்குப் போட்ட கையால் உனக்கும் போட்டேன். டி.வி.க்காரர்கள் வந்து படம் பிடித்தார்கள். அதற்குப் பிறகு நீ எனக்குத் தம்பி இல்லை, சாமி. நான் உனக்கு அண்ணாச்சி இல்லை, குருசாமி. விரதம் என்பதால் உன் மனைவி மாடிக்குப் போய்விட்டாள். கீழே நீ தனியாகப் பாய் விரித்துப் படுத்தாய். நாலு வாய் சோற்றைக்கூட உன் அக்கா மகன்தான் கொண்டுவந்து வைத்தான். உன்னை அறிந்த ஒரே ஆள் உன்னைப் பார்க்க முடியாத இடத்தில் இருந்தாள்.

மூன்றாம் நாள் விளக்கு வைக்கும் நேரம். பஜனை மடத்தில் கூட்டம் நெரிந்தது. நீ வருகிறாய் என்று கேள்விப்பட்டு, விரதத்துக்கும் பஜனைக்கும் சம்பந்தமில்லாதவர்கள்கூட வந்து வாசலில் நின்றார்கள். நீ உள்ளே வரும்போதே முகம் வேர்த்து ஊற்றியது. கார்த்திகை மாசக் குளிரில் இப்படி வேர்க்கிறதே என்று நினைத்தேன், மடத்துக்குள் புழுக்கம் என்று நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். முதல் சரணத்துக்கே உன் கைகள் ஆடின. காற்றில் நூல் இழுப்பதுபோல எதையோ பிடித்துப் பிடித்து இழுத்தாய். வாசலில் நின்றவர்கள் சிரிக்கத் தொடங்கினார்கள். "சார் தொடங்கி, நடிப்புத் தொடங்கி" என்று ஒருவன் சத்தமாகவே சொன்னான். போன்கள் மேலே எழும்பின.

அப்புறம் நீ சுவர் மூலையைப் பார்த்தாய். பின்னால் நகர்ந்தாய். "புலி... அங்க புலி நிக்கி..." என்றாய்.

அவ்வளவுதான். மடம் அதிர்ந்தது. புலியின்மேல் வருகிறவன் பேரைச் சொல்லிச் சரணம் விளித்தார்கள். உடுக்கு அடித்தவன் வேகத்தைக் கூட்டினான். சிரித்தவர்களே கையெடுத்துக் கும்பிட்டார்கள். நானும் கும்பிட்டேன், தம்பி. ஐயப்பன் உன்மேல் வந்துவிட்டான், என் கையால் போட்ட மாலைக்கு இப்படி ஒரு பலனா என்று எனக்குக் கண் நிறைந்துவிட்டது. ஒரு பெண் உன் காலில் விழுந்து, மகனுக்குக் கல்ஃபில் வேலை எப்போது சரியாகும் என்று கேட்டாள். நீ அவளைப் பார்க்கவில்லை. பல் கிட்டிக்கொண்டு, கால் தரையில் அடிக்க, மூலையையே பார்த்துக்கொண்டிருந்தாய். உன் கண்ணில் இருந்தது பயம். அதை நான் பார்த்தேன். சாமி வந்தவன் கண்ணில் பயம் இருக்காது என்பதும் எனக்குத் தெரியும். ஆனாலும் அந்தச் சத்தத்துக்குள் எனக்கு ஒன்றும் ஓடவில்லை.

அப்போதுதான் உன் மனைவி ஆண்களை விலக்கிக்கொண்டு வந்தாள். யாரோ போனில் பார்த்துச் சொல்லியிருக்கிறார்கள். மாலை போட்டவனைத் தொடாதே என்று ஒரு கிழவர் குறுக்கே கை நீட்டினார். அவள் அந்தக் கையைத் தட்டிவிட்டு உன்னை அப்படியே மடியில் சாய்த்துக்கொண்டாள்.

"தள்ளுங்க. இது சாமி இல்ல. இது மூணு நாளா குடிக்காத ஒடம்பு" என்றாள். பிறகு என்னைப் பார்த்து, சத்தம் குறைத்து, "குருசாமி, வண்டி கூப்பிடுங்க. செத்துருவார்."

உடுக்கு நின்றது. அந்த மௌனத்தில் வாசலில் ஒருவன் மட்டும் இன்னும் சிரித்துக்கொண்டிருந்தான். அவனுக்கு எதுவும் புரியவில்லை.

ஆஸ்பத்திரியில் உன் கைகளையும் கால்களையும் கட்டிலோடு துணி வைத்துக் கட்டினார்கள். மாலையைக் கத்தரித்து ஒரு உறையில் போட்டு என் கையில் கொடுத்தார்கள். ஒரு சின்ன வயசு டாக்டரம்மா, மலையாளத்துக்காரி, வராந்தாவில் என்னைப் பெஞ்சில் உட்காரவைத்துப் பொறுமையாகச் சொன்னாள். "மாமா, தினமும் குடிச்ச ஆள் சட்டுனு நிறுத்தக் கூடாது கேட்டோ. ஃபிட்ஸ் வரும். இல்லாததெல்லாம் கண்ணுல தெரியும். ஆள் போயிடலாம். இங்கே கொண்டுவந்து, மருந்து கொடுத்து, நாங்க பாத்துப் பாத்துத்தான் நிறுத்தணும்."

குடித்துச் செத்தவர்களை எனக்குத் தெரியும். எண்ணி முடியாது. குடியை விட்டால் சாவு வரும் என்று அந்த வயசுவரை எவரும் எனக்குச் சொன்னதில்லை. பெஞ்சில் உட்கார்ந்தபடியே பழையது ஒவ்வொன்றாக வந்தது. எங்களோடு மூட்டை தூக்கிய ஒருவன், காளை மாதிரி ஆள், மாலை போட்ட இரண்டாம் நாள் குளத்துப் படியில் வாயில் நுரை தள்ளி விழுந்தான். விரதத்தில் ஏதோ பிழை செய்துவிட்டான், ஐயப்பன் அடித்துவிட்டான் என்று பேசிக்கொண்டோம். அவன் அம்மா மகன் செய்யாத பிழைக்கு நடைநடையாக மன்னிப்புக் கேட்டு விளக்குப் போட்டாள். அவன் செய்தது ஒரே ஒரு காரியம், சொன்ன சொல்லைக் காப்பாற்றினான். அவன் முகம் எனக்கு நேரே எதிர்ச் சுவரில் நின்றது. உனக்குப் புலி தெரிந்தது, எனக்கு அவன் தெரிந்தான்.

உனக்குத் தெளிந்த அன்று நான் பக்கத்தில் இருந்தேன். உதடு வெடித்து, கண் குழிந்து, பத்து வயசு கூடிப்போயிருந்தாய். முதலில் தண்ணீர் கேட்டாய். பிறகு, "அண்ணாச்சி, யாரோ சிரிச்சாங்க, கேட்டுச்சு. அப்போ நடிப்பு மோசமில்ல, அல்லே?" என்றாய். உன் மனைவி முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

அந்தப் பஜனை மடத்துப் படம் ஊரெல்லாம் போனது. பாதிப் பேர் நடிகருக்கு அருள் வந்தது என்று அனுப்பினார்கள். மீதிப் பேர் மாலை போட்டும் குடித்துவிட்டு ஆடுகிறான் என்று அனுப்பினார்கள். ஒரு நோயாளி கிடந்து துடிக்கிறான் என்று அனுப்பியவர் ஒருத்தருமில்லை.

நீ மருந்து சாப்பிட்டாய். தேறினாய். அடுத்த கார்த்திகையில் டாக்டரம்மாவிடம் கேட்டுக்கொண்டு வந்து மாலை போட்டாய். என் கையைப் பிடித்து மலை ஏறினாய், உனக்கு மூச்சு வாங்கவில்லை, எனக்குத்தான் வாங்கியது. அப்பாச்சிமேட்டில் நின்று, "இப்போ தெளிஞ்சவனா நடிக்கல அண்ணாச்சி, தெளிஞ்சே இருக்கேன்" என்றாய். அதைவிட நல்ல வார்த்தை உன் வாயிலிருந்து நான் கேட்டதில்லை.

ஆனால் தெளிந்தவனுக்கு வேஷம் தர யாரும் இல்லை. வந்தவர்கள் எல்லாரும் பழைய குடிகாரனையே கேட்டார்கள். கையில் பால் விடாத கட்டன்சாயா ஊற்றிய சாராயக் குப்பியைக் கொடுத்து நடிக்கச் சொன்னார்கள். குப்பியில் இல்லாத அந்த மணமே உன்னைத் தின்றது என்று உன் மனைவி பின்னால் சொன்னாள். மறுபடி தொடங்கியது. தொடங்கியதும் நீயே ஆஸ்பத்திரிக்குப் போனாய். அதை நான் எல்லாரிடமும் சொல்லிக்கொண்டிருக்கிறேன். நீ போனாய். சீட்டு எடுத்து வரிசையில் நின்றாய். வரிசையில் ஒருவர், நோயாளிக்குத் துணைக்கு வந்தவர், உன்னைக் கண்டுகொண்டார். அவருடைய அம்மா படுக்கையில் இருக்கிறாளாம், உன் படம் என்றால் உயிராம். "ஒரு நடை, சாரே. அம்மைக்கு அனுப்பத்தான்" என்று போனைத் தூக்கினார்.

"நடந்து காட்டினேன் அண்ணாச்சி" என்று என்னிடம் வந்து சொன்னாய். "நர்சம்மாவெல்லாம் சிரிச்சாங்க. அதுக்கப்புறம் எந்த மூஞ்சிய வச்சிட்டு டாக்டர்கிட்ட போய், எனக்குக் கை நடுங்குதுன்னு சொல்ல?" திரும்பி வந்துவிட்டிருந்தாய்.

நானும் உன் மனைவியும் உன்னை வேறு இடத்துக்கு அழைத்துப் போகப் பேசி வைத்திருந்தோம். அடுத்த திங்கட்கிழமைக்கு. நீ சரி என்றாய்.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் டி.வி.யில் உன் படம் வந்தது. தம்பானூரில் ஒரு லாட்ஜில் இறந்து கிடந்தாய் என்றார்கள். யாரிடமும் சொல்லாமல் வேறு பெயரில் அறை எடுத்திருந்தாயாம். கீழே ஓடிய எழுத்தை மருமகள் படித்தாள்: குடித்துக் குடித்து இறந்தார். இடையிடையே கம்பத்துக் காட்சியைப் போட்டார்கள். நான் கையில் பிசைந்த சோற்றோடு உட்கார்ந்திருந்தேன். வாய்க்குக் கொண்டுபோகவும் தெரியவில்லை, கீழே போடவும் தெரியவில்லை.

உன் காரியங்கள் முடிந்த பிறகு அந்த லாட்ஜுக்குப் போனேன். நீ கடைசியாக இருந்த இடத்தை ஒருமுறை பார்க்க வேண்டும் என்றிருந்தது. உள்ளே விடவில்லை. மாடிப்படி துடைத்துக்கொண்டிருந்த ஒரு பெண் நான் தமிழ் பேசுவதைக் கேட்டு அருகில் வந்தாள். போனக்காட்டுத் தேயிலைத் தோட்டத்திலிருந்து வந்தவளாம், அங்கே வேலை இல்லாமல் இங்கே துடைக்க வந்திருக்கிறாள். சினிமா பார்க்கிற ஆள் இல்லை. நீ யார் என்று அவளுக்குத் தெரியாது.

"குப்பி ஒண்ணும் இல்லய்யா அந்த ரூம்புல. நான்தான் கூட்டுனேன். எலுமிச்சந்தோலு, குளுக்கோசு பாக்கெட்டு, தண்ணிப் போத்தலு. கழுத்துல துளசி மால. ஆடி மாசத்துல மாலயான்னு கேட்டேன். ஒரு வேலிம்மான்னு சொன்னாரு."

யார் கையும் இல்லாமல் நீயே போட்டுக்கொண்ட மாலை. உன்னைத் தெரியாத ஒரு அறைக்குள், கதவைச் சாத்திக்கொண்டு, நீ குடியை விட்டுக்கொண்டிருந்தாய். அது கொல்லும் என்று உனக்கு நன்றாகத் தெரியும், ஒருமுறை கண்டவன். தெரிந்தும் அந்த வரிசையில் மறுபடி நிற்பதைவிட இது எளிது என்று உனக்குத் தோன்றியிருக்கிறது.

அவள் இன்னும் சொன்னாள். நீ வேர்த்து நடுங்கிக்கொண்டு கட்டிலுக்கு அடியில் எதையோ பார்த்துப் பயந்ததைக் கண்டிருக்கிறாள். பயந்து ஓடிப்போய் மேனேஜரைக் கூட்டிவந்திருக்கிறாள். "ஒடம்புக்கு முடியாத மனுசன், ஆசுபத்திரிக்குக் கொண்டுபோங்கன்னு சொன்னேன். அவரு வந்து எட்டிப் பாத்தாரு. பாத்ததும் சிரிச்சாரு. இது யாருன்னு உனக்குத் தெரியாதா, சார் நல்ல ஃபார்முல இருக்காரு, தொந்தரவு பண்ணாதேன்னு கதவச் சாத்திட்டுப் போயிட்டாரு."

அந்த மேனேஜர்மேல் எனக்குக் கோபம் வரவில்லை என்றால் பொய். ஆனால் அவர் பார்த்தது என்ன? நாடே சிரித்த ஒன்றை அவரும் பார்த்துச் சிரித்தார். உன் மனைவியைத் தவிர உன்னைத் தெரிந்த எல்லாருக்கும் அது வேஷமாகவோ அருளாகவோ தெரிந்தது. உன்னைத் தெரியாத ஒருத்திக்கு மட்டும் ஒரு மனுஷனுக்கு முடியவில்லை என்று தெரிந்தது. ஒரு ஆளை ஊருக்கெல்லாம் தெரிவது இவ்வளவு பெரிய ஆபத்தா, தம்பி?

இந்த வருஷமும் மாலைக்கு வருகிறார்கள். குனிந்த தலையின் காதில் நான் ஒன்று கேட்கிறேன்: "கடைசியா எப்போ சாமி? தினமுமா?" சிலருக்குக் கோபம். ஒரு பாங்க் உத்தியோகஸ்தர், குருசாமி கேட்கிற கேள்வியா இது என்று எழுந்து போய்விட்டார். நேற்று ஒரு ஆட்டோக்காரர் அழுதுவிட்டார். அவருடைய ஆட்டோவிலேயே ஏறி, ஆஸ்பத்திரிக்கு ஓட்டச் சொன்னேன். வழியெல்லாம் கையை ஹாண்டிலில் அழுத்திப் பிடித்துக்கொண்டு வந்தார். "மாலை போடாம எப்படி குருசாமி நிறுத்துவேன்?" என்றார். "மாலை எங்கேயும் போகாது. நீங்க படுத்து எழும்பி வாங்க, ஆணியில தொங்கும்" என்றேன். வரிசையில் அவர் பக்கத்தில் நின்றேன். அவரை யாரும் நடந்து காட்டச் சொல்லவில்லை. அவர் அதிர்ஷ்டக்காரர், அவரை யாருக்கும் தெரியாது.

ஆணியில் அவருடைய மாலைக்குப் பக்கத்தில், கத்தரித்த உன் மாலை அந்த உறையோடு தொங்குகிறது.

மருமகள் எழுதி முடிக்கட்டும். நான் சாயாக்கடைக்குத் திரும்பப் போகிறேன். காலையில் பாதியில் வந்தது சரியில்லை. அவர்கள் அந்தப் படத்தை மறுபடி போடுவார்கள், தினமும் போடுகிறார்கள். சிரிக்கிறவர்களை நான் ஒன்றும் சொல்ல மாட்டேன், நீ அதற்குத்தான் உழைத்தாய். ஆனால் நீ கம்பத்தைக் கட்டிப்பிடிக்கும் இடம் வரும்போது நான் உன் இடது கையைப் பார்த்துக்கொண்டு நிற்பேன். கூட்டத்தில் ஒருத்தராவது அதைப் பார்க்க வேண்டும்.